சாரதா பம்பாய் போகாத நாற்பது நாள்

எங்கள் வரிசையில் ஐந்து வீடு. ஐந்தும் எங்களுடையவைதான். வல்லம் வடகாலில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்த பிறகு, மிச்சமிருந்த மனையில் நானும் என் வீட்டுக்காரர் பாண்டுரங்கனும் சேர்ந்து கட்டியவை. நிலம் போனதைச் சொல்லி நான் கண்ணைக் கசக்குவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். நாற்று நட்டு நட்டு என் முதுகு போன கதை எனக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் இப்போது ஏதோ ஒரு கம்பெனியின் கேட் நிற்கிறது. நின்றுவிட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது மூன்றாவது வீட்டில் குடியிருக்கும் சாரதாவைப் பற்றி.

சாரதா வாரத்தில் இரண்டு மூன்று நாள் பம்பாய்க்குப் போய் வருவாள். மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினால் நாலுக்குள் திரும்பிவிடுவாள். அடுப்பங்கரையை விட்டு ஓர் அடி வெளியே வைக்க மாட்டாள். எண்ணெய்ச் சட்டி காய்ந்து, முதல் வடை உள்ளே விழுந்து சத்தம் எழும்பியதும் அவள் கண் இரண்டும் எங்கோ போய்விடும். கை மட்டும் இங்கே வேலை பார்க்கும். புரட்ட வேண்டிய நேரத்தில் புரட்டும், எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கும். ஒரு வடை கருகி நான் பார்த்ததில்லை.

மும்பை என்று பெயர் மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்று ஒன்பதாவது படிக்கும் அவள் மகள் சண்முகப்ரியா திருத்திக்கொண்டே இருப்பாள். சாரதா காதில் வாங்குவதில்லை. அவளுக்கு அந்த ஊரைச் சொன்னவள் பம்பாய் என்றுதான் சொன்னாளாம். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

சொன்னவள் பெயர் ஜாஸ்மின். சாரதாவுக்குப் பிறந்த ஊர் வாலாஜாபாத் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். ஜாஸ்மின் அதே லைனில் அடுத்த சீட். திருநெல்வேலிக் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் பம்பாயில். அப்பா இறந்த பிறகு அம்மாவோடு ஊருக்கு வந்து, அங்கிருந்து வேலைக்கு இங்கே வந்தவள். லைனில் பேசக் கூடாது. தலைக்கு உறை, வாய்க்கு மாஸ்க், கண் மட்டும் தெரியும். பேச்செல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சாரதா ஜன்னல் ஓரம், ஜாஸ்மின் பக்கத்தில்.

அந்தப் பெண் பெரிய பெரிய கட்டடத்தையோ கடலையோ பற்றிப் பேசவில்லை. தாதர் ஸ்டேஷனை ஒட்டி ஒரு தெரு. அந்த ஒரே தெருவை ஏழு வருஷம் சொன்னாள். ஸ்டேஷன் படி இறங்கினால் வலப்பக்கம் பூ மூட்டைகள், அப்புறம் குடை ரிப்பேர் செய்கிறவர், அதைத் தாண்டி ஒரு தகரக் கூரை, கூரைக்குக் கீழே பன்னுக்குள் வடை வைத்துக் கொடுக்கிற வடா பாவ் கடை. எதிரில் பானி பூரிக்காரன். எப்போதும் மழை. ஜாஸ்மின் நினைவில் அந்த ஊரில் வெயிலே அடித்ததில்லை போலிருக்கிறது. சாரதா கேள்வி மேல் கேள்வி கேட்பாளாம். சாக்கடை எந்தப் பக்கம் ஓடுது, கடைக்காரர் சட்டை என்ன கலர், பல்பு எங்கே தொங்குது, பச்சை மிளகாயை எப்போ பொரிப்பார். ஜாஸ்மின் சலிக்காமல் பதில் சொல்வாளாம். பிறகு கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போனாள். போன் நம்பர் மாறிப் போயிற்று. கொஞ்ச நாளில் சாரதாவின் ஒப்பந்தமும் முடிந்து, அந்த லைனையே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அந்தத் தெரு சாரதாவிடம் மட்டும்தான் இருந்தது.

அவள் நேரில் பார்த்த ஊர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். காஞ்சிபுரம், திருப்பதி, வண்டலூர் ஜூ, ஷட்டர் திறந்தபோது வேடிக்கை பார்க்கப் போன செம்பரம்பாக்கம் ஏரி. சின்ன விரல் மிச்சம்.

வேலை போன பிறகு ஒருநாள் சும்மா இருக்க முடியாமல், ஜாஸ்மின் சொன்ன பக்குவத்தில் உருளைக்கிழங்கு வடை போட்டுப் பார்த்திருக்கிறாள். கிழங்கை வேகவைத்து, மை போல மசிக்காமல் கையால் உடைத்து, இஞ்சி பூண்டு பச்சை மிளகாயை நசுக்கிப் போட்டு, கடுகு கறிவேப்பிலை மஞ்சள் தாளித்து, எலுமிச்சை பிழிந்து, உருண்டை பிடித்து, கடலைமாவில் தோய்த்து எண்ணெயில் விட்டாள். விட்டதும் சடசடவென்று ஒரு சத்தம். அது எண்ணெய்ச் சத்தமாக இல்லை, தகரக் கூரைமேல் விழுகிற மழையாக இருந்தது என்றாள் என்னிடம். கண்ணைத் திறந்தபடியே அந்தத் தெருவில் நின்றாளாம். குடை ரிப்பேர்காரர் கம்பியை வளைப்பதுகூடத் தெரிந்ததாம்.

முதலில் கேட்டபோது இந்தப் பெண்ணை ஒருதரம் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கு இந்தக் கனவு கினவெல்லாம் ஒத்து வராது. படுத்தால் கட்டை மாதிரி தூங்குகிறவள் நான். ஆனால் அந்த வடையைத் தின்றதும் டாக்டர் யோசனையைக் கைவிட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று மணியானால் நானும் ஒரு மணைக்கட்டையை எடுத்துக்கொண்டு அவள் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துவிடுவேன். வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து தரையில் கோடு போட்டிருக்கும். தூரத்தில் ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போகிற சத்தம் விடாமல் கேட்கும். அதைத்தான் அவள் ரயில் என்று வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேசிக்கொண்டே பானி பூரிக்குப் பூரி தேய்ப்பாள். ரவையைச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி அரைமணி நேரம் வைத்து, கண்ணாடி மாதிரி மெல்லிசாகத் தேய்த்துக் காய்ந்த எண்ணெயில் போட்டு ஜல்லிக் கரண்டியால் லேசாக அமுக்குவாள். பூரி ஒரு நொடி யோசித்துவிட்டுக் குண்டாகும். உப்பாமல் தட்டையாகக் கிடப்பதை 'ரீஜெக்ட்' என்று சொல்லித் தனி டப்பாவில் போடுவாள். ஏழு வருஷம் லைனில் உட்கார்ந்த புத்தி. அந்த ரீஜெக்ட் டப்பாவை அப்படியே நான் வாங்கிக்கொள்வேன். தயிரும் புளிச் சட்னியும் விட்டு நொறுக்கித் தின்றால் அது ஒரு தனி சுகம்.

சுங்குவார்சத்திரம் பேக்கரியில் சொல்லிவைத்து இனிப்பில்லாத பன் வாங்கிவருவாள். அதைப் பிளந்து, பூண்டும் கொப்பரையும் மிளகாயும் இடித்த பொடி தூவி, வடையை வைத்து ஓர் அமுக்கு. என் கையில் கொடுக்கும்போது, "இந்தாங்கக்கா, நனைஞ்சிடப் போவுது, சீக்கிரம் சாப்புடுங்க" என்பாள். வெளியே கத்திரி வெயில் கொளுத்தும். நானும் ஏனோ முந்தானையால் அதை மூடிக்கொண்டுதான் தின்பேன்.

இதெல்லாம் அவள் வீட்டுக்காரன் தேவராஜனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், காலை ஏ ஷிஃப்ட் முடிந்து மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தால் தட்டில் சூடாக ஏதாவது இருக்கும் என்பதுதான். மனைவிக்குப் பலகாரம் செய்வதில் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தான். நல்லவன். குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற பெயிண்ட் ஷாப்பில் இருக்கிறான். கோவிலுக்குப் போனால்கூட வாசலில் நிற்கிற கார்களின் மேல் வெளிச்சம் எப்படி வழுக்கிப் போகிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்ச் சாமி கும்பிடுவான். அவ்வளவு ஈடுபாடு.

வினை அங்கேதான் வந்தது. ஆவணி மாதக் கடைசியில் அவன் லைனில் கார்களின் பானெட்டில் சின்னச் சின்னப் பள்ளம் விழ ஆரம்பித்தது. கடுகளவுதான் இருக்குமாம். எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் தண்ணீர் ஒட்டாமல் விலகி நிற்குமே, அதுபோல அந்த இடத்தில் பெயிண்ட் விலகி நிற்கும். க்ரேட்டர் என்று பெயர். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று என்று ஆரம்பித்து இருபது முப்பது ஆனது. அந்தப் பெயிண்ட் அறைக்குள் போகிறவர்கள் தலைக்கு ஜெல் வைக்கக் கூடாது, ஸ்பிரே அடிக்கக் கூடாது, சில சோப்புகூடக் கூடாது. அதெல்லாம் அவன் எப்போதும் கடைப்பிடிப்பதுதான். இப்போது ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, வீட்டில் என்ன தேய்க்கிறாய், என்ன பூசுகிறாய் என்று விசாரித்தார்களாம். யார் காரணம் என்று தெரிந்தால் அந்த ஷாப்பிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. தேவராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் சாரதா வைத்திருந்த எண்ணெய்ப் பாக்கெட்டைக் கையில் எடுத்து எறும்பு மாதிரி எழுத்தில் இருந்ததைப் படித்திருக்கிறான். நுரை வராமல் இருக்கச் சேர்க்கும் ஒரு பொருள், அதற்கொரு எண். போனில் தேடிப் பார்த்தால் அதுவும் சிலிக்கோன் வகைதான் என்று வந்தது. எந்தப் பொருள் வந்தால் பெயிண்ட் விலகி நிற்கும் என்று கம்பெனியில் படம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்களோ, அதே பொருள். அவனுக்கு வேர்த்துவிட்டது. தன் வீட்டுப் புகைதான் தன் தலைமுடியில் ஏறி, கம்பெனிக்குள் போய், கார் மேல் இறங்குகிறது என்று முடிவே கட்டிவிட்டான். இப்படி ஓர் எண்ணம் உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்காவது வருமா? இந்த ஒரகடம் ரோட்டில் இருக்கிறவனுக்குத்தான் வரும்.

நான் வாசலில் இருக்கும்போதே சாரதாவிடம் சொன்னான். "கொஞ்ச நாளைக்கு எண்ணெய்ச் சட்டி வெக்காத சாரதா. என் வேலை பூடும் போல கீது."

சாரதா அவன் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். அன்றைக்குப் பிசைந்து வைத்திருந்த மாவை எடுத்து மூடினாள். "சரிங்க" என்றாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டியைக் கழுவித் துடைத்து, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் கவிழ்த்து வைத்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நீ தினம் குளிக்கிறாய், அங்கே போய் வேறு உடுப்பு மாற்றுகிறாய், உள்ளே நுழையும்போது காற்றடித்து உதறி அனுப்புகிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அப்புறம் வடைப் புகை எங்கே மிஞ்சுகிறது என்று கேட்டேன். காது மடிப்பில் மிஞ்சலாம் என்றான். செக்கெண்ணெயில் சுடட்டும், அதில் எந்த எண்ணும் கிடையாது என்றேன். எந்த எண்ணெய்ப் புகையானாலும் வேண்டாம் என்றான். பயந்தவனிடம் நியாயம் பேசி என்ன ஆகப் போகிறது. தாளிப்புக்கு மட்டும் சலுகை கொடுத்தான். அதுவும் மூடி போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து.

சாரதா சளைக்காமல் வேறு பலகாரம் செய்தாள். கடலைமாவைக் கரைத்து ஆவியில் வேகவைத்து டோக்ளா செய்தாள். பொரியில் வெங்காயமும் மாங்காயும் நறுக்கிப் போட்டுக் கலந்தாள். சுண்டல் வகையெல்லாம் வந்தது. ருசியில் குறை சொல்ல முடியாது, என் நாக்கு பொய் சொல்லாது. ஆனால் டோக்ளாத் தட்டை என்னிடம் நீட்டும்போது அவள் நனைஞ்சிடப் போவுது என்று சொல்லவில்லை. எங்கே போய்வந்தாய் என்று நானே கேட்டேன்.

"எங்கயும் போவலக்கா. இட்லிப் பானையில சத்தமே வரலியே" என்றாள்.

என் வீட்டில் வந்து சுடு என்று கூப்பிட்டேன். புகை தன் புடவையில் ஏறும், புடவையிலிருந்து அவன் மேல் ஏறும், வேண்டாம் என்றுவிட்டாள். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நடுவில் ஒரு சுவர்தானே என்று நானும் அப்பளம் பொரிப்பதை நிறுத்தினேன். சுட்ட அப்பளத்தைப் பார்த்துப் பாண்டுரங்கன் முகத்தைச் சுளித்தார். நம் வீட்டில் யார் கார் செய்கிறார்கள் என்று கேட்டார்.

மூன்று மணிக்குப் பழக்கதோஷத்தில் நான் போய் உட்காருவேன். சாரதா அணைந்த அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். கண்ணை மூடிப் பார்ப்பாளாம். முதல் வாரம் ஸ்டேஷன் படி இறங்கிக் குடைக்காரர் வரைக்கும் போக முடிந்தது. அடுத்த வாரம் படியோடு நின்றுவிட்டது. ஒருநாள் நல்ல மழை பெய்தது. ஐந்தாவது வீட்டுக்குப் பின்னால் என் மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரை இருக்கிறது. அதன் கீழே போய் ஒரு மணி நேரம் சாரலில் நனைந்துகொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது உதடு நீலமாக இருந்தது. அது வல்லம் மழைதான், வேறு மழை இல்லை என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டினாள்.

முப்பது நாள் கழிந்திருக்கும். மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாரதா ஒரு பழைய நோட்டில் கோடு கோடாக ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். தெருவை வரைகிறாளாம். பூ மூட்டை, குடை ரிப்பேர் என்று எழுதியிருந்தாள். அதற்கு மேல் வெறும் கட்டங்கள். சாக்கடை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மறந்துவிட்டது, கடைக்காரர் சட்டை நீலமா பச்சையா என்று தெரியவில்லை, ஜாஸ்மின் குரல்கூட முன்போலக் கேட்கவில்லை என்றாள்.

"அக்கா, அந்தத் தெரு என்கிட்டேருந்து போய்க்கினே கீது. இன்னும் பத்து நாளு இப்படியே போச்சின்னா ஒண்ணுமே இருக்காதுக்கா."

மூன்று ஏக்கர் நிலம் போனபோது நான் இப்படிக் கலங்கவில்லை. அது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இவள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லையே. ஒரு பெண்பிள்ளை தனக்கென்று வைத்திருந்த ஒரே இடம் கண்ணெதிரே அழிகிறது, நான் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவனிடம் சொல் என்றேன். வேலை பயத்தில் இருக்கிற மனிதனிடம் போய் ஒரு தெருவைக் காணோம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. நாலாவது வீட்டு உதயசூரியன் மோட்டார் போடச் சொல்லி வந்தான். அவனும் அதே கார் கம்பெனிதான், வேறு ஷாப். பேச்சுக்குப் பேச்சு, அந்தப் பள்ளம் விழுகிற பிரச்சினை என்னப்பா ஆயிற்று என்று கேட்டேன். அது என்றைக்கோ தீர்ந்துவிட்டதே என்றான். காரைத் தூக்கிக்கொண்டு போகிற கன்வேயரில் ஓர் உருளை கிறீச்சிட்டதாம். மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர் அதற்கு ஏதோ ஸ்பிரே அடித்திருக்கிறார். அதிலிருந்துதான் எல்லாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனை நிறுத்தி, துடைத்து, மாற்றிவிட்டார்கள். எந்த ஞாயிறு என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்றான்.

பன்னிரண்டு நாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. மோட்டார் போட மறந்து அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். பஸ் வந்தது. டிபன் பையோடு இறங்கின தேவராஜன் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனான். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அவன் பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"அவ ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருந்தா, அன்னிக்கே வந்து மன்னிப்பு கேட்டுருப்பேன்க்கா. ஒண்ணுமே கேக்காம சட்டியத் தூக்கி மேல வெச்சிட்டா. தப்பு என்னுதுன்னு எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது? தினம் பஸ்ஸ விட்டு எறங்கும்போது இன்னிக்கு சொல்லிடலாம்னு நெனப்பேன். வூட்டாண்ட வந்தா வாய் வரல."

திட்டுவதற்காக ஒரு வண்டி வார்த்தை வைத்துக்கொண்டு போயிருந்தேன். அதில் பாதிதான் திட்டினேன். மீதிப் பாதிக்கு அவள் தெருவைப் பற்றிச் சொன்னேன். ஜாஸ்மின், பஸ், தகரக் கூரை, மழை, நோட்டுப் புத்தகத்தில் வெறும் கட்டங்கள். சொல்லும்போதே எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியுமோ என்று பயமாக இருந்தது. அவன் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாக நானும் தின்றுகொண்டிருக்கிறேனே, ஒருநாள்கூட என்னிடம் சொன்னதில்லையே என்று மட்டும் கேட்டான். நீ கேட்டாயா என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். இன்றைக்கு நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு அவன் பின்னாலேயே வீடு வரைக்கும் நடந்தேன். வீட்டுக்காரம்மா என்ற உரிமையில் உள்ளேயும் நுழைந்துவிட்டேன்.

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னான். உருளை, ஸ்பிரே, பன்னிரண்டு நாள். சாரதா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. எனக்குத் தெரிந்து அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தம் இல்லை, கத்தல் இல்லை. காது மட்டும் சிவந்துபோயிற்று.

தேவராஜன் அதைப் பார்த்துப் பயந்து அவசர அவசரமாக ஒன்று சொன்னான். இந்தத் தீபாவளிக்கு லீவு போட்டு அவளை பம்பாய்க்கே கூட்டிப் போகிறானாம். அரக்கோணத்தில் போய் ரயில் ஏறிவிடலாம், தாதரிலேயே இறங்கலாம், அந்தத் தெருவை நேரிலேயே பார்க்கலாம், அங்கேயே வடை வாங்கித் தின்னலாம் என்றான். நல்ல யோசனைதானே என்று நான்கூட நினைத்தேன்.

சாரதா கீரை முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

"அங்க கீறது ஜாஸ்மினோட பம்பாய்ங்க. என்னுது இந்த வூட்லதான் இருந்திச்சி. அதத்தான் நீங்க எடுத்துட்டீங்க. வேலைக்குப் பயந்து எடுத்தீங்க, சரி. பயம் போனப்புறம் பன்னெண்டு நாளு ஏன் வெச்சிக்கினு இருந்தீங்க?"

எனக்கு அங்கே நிற்பது கூச்சமாக இருந்தது. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். பரணிலிருந்து சட்டியை இறக்கித் தன் சட்டையாலேயே தூசியைத் துடைத்தான். அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அடுப்பைக் காட்டினாள், அவன் வைத்தான். கிழங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டான். தொடவேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் வெளியே இருங்கள் என்று சொல்லிவிட்டாள். தெரு இன்னும் இருக்கிறதா இல்லையா என்று முதலில் தான் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

நானும் அவனும் வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்தோம். மாலை வெயில் சாய்ந்து, கம்பெனிச் சுவர்களின் நிழல் எங்கள் வரிசை வரைக்கும் நீண்டிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. உரலில் பூண்டு இடிபடுகிற வாசனை வந்தது. எண்ணெய் காய்கிற மணம் வந்ததும் தேவராஜன் கை தானாகத் தலைமுடியைத் தடவிப் பார்த்தது. நான் முறைத்தேன். கையை இறக்கிக்கொண்டான்.

பிறகு அந்தச் சத்தம் எழுந்தது. அடுத்து இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. இருவரும் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. எழுந்து எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாழ்க்கையில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தைரியமாக நுழைந்தவள் நான்.

ரொம்ப நேரம் கழித்து இரண்டு தட்டோடு சாரதா வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. பன் இல்லாததால் வெறும் வடைதான். ஒன்றை எனக்கும் ஒன்றை அவனுக்கும் கொடுத்தாள். கண் சிவந்திருந்தது. அழுதாளா, புகையா என்று தெரியவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"தெரு கீதுக்கா. மழையும் பெய்யுது. கடைதான் மூடி கீது" என்றாள். "பூட்டு போட்டுக்கீறாங்க. நானு வரமாட்டேன்னு நெனச்சிட்டாங்க போல."

நான் வடையைப் பிட்டேன். தேவராஜன் தட்டைக் கையிலேயே வைத்திருந்தான். அவன் கண்ணில் நீர் நின்றது. அதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"நாளைக்கு நானும் வரட்டா சாரதா? கடை தொறந்துதான்னு பாக்க."

பதினைந்து வருஷத்தில் அவன் அவளிடம் இப்படி ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது.

"மொதல்ல கடை தொறக்கட்டும்ங்க. அப்பறம் சொல்றேன்" என்றாள்.

அவன் சரி என்று தலையாட்டிவிட்டு வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.